டயர் கம்பெனியும் கூலிக்கு எழுதியவரும்

வீட்டில் உட்கார்ந்தபடியே சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. 'கன்டென்ட் மார்க்கெட்டிங்' என்று அதற்குப் பெயராம். பொருளை நேராகப் புகழக் கூடாது. படிப்பவனுக்கு உபயோகமான ஏதாவது எழுத வேண்டும். அதன் வழியே கம்பெனியின் பெயர் அவன் மனதில் தங்க வேண்டும். நேற்று முளைத்த தொழில் என்று நினைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

மிஷ்லேன் டயர் கம்பெனியைச் சொல்கிறேன். (நம் ஊரில் மிச்செலின் என்பார்கள். எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.) டயர் எல்லாம் ஒரு தொழில்நுட்பமா என்று கேட்காதீர்கள். 1890களில் காற்றடைத்த டயர் இன்றைய கைபேசி மாதிரி. முன்பு சைக்கிள் டயரைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, காயவைக்க ஒரு பொழுது போய்விடும். கிளேர்மோன்-ஃபெரானில் ரப்பர் தொழிற்சாலை நடத்திய ஆந்த்ரே, எதுவார் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் பாரிஸ்-பிரெஸ்த்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் அந்த டயரோடு ஓட்டிய ஷார்ல் தெரோன் முதலாவதாக வந்தார்.

அடுத்தது மோட்டார் கார். அங்கேதான் சிக்கல். 1900இல் பிரான்சு முழுவதும் மூவாயிரம் கார்கூடக் கிடையாது. டயரை யாரிடம் விற்பது? காரே இல்லாதவனிடம் டயர் நல்ல டயர் என்று சொல்லி என்ன பயன்? இருக்கிற கார்க்காரன் அதிக தூரம் போனால்தான் டயர் தேயும். போக அவனுக்குப் பயம்: வழியில் பெட்ரோல் கிடைக்குமா, நின்றுபோனால் பழுது பார்க்க ஆள் உண்டா, இரவு எங்கே தங்குவது? இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் போட்டார்கள். டயர் மாற்றும் முறை, ஊர் வாரியாக ஓட்டல்கள், பெட்ரோல் கிடைக்கும் இடங்கள், மெக்கானிக்குகள், வரைபடங்கள். மொத்தம் 35,000 பிரதிகள், எல்லாம் இலவசம். கார்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, புத்தகம் முப்பத்தைந்தாயிரம் என்றால் அந்தத் துணிச்சலைப் பாருங்கள்.

டயர்களை அடுக்கிச் செய்த அந்தக் குண்டு மனிதன், பிபெந்தோம், அதற்கு இரண்டு வருடம் முன்பே பிறந்துவிட்டான். ஓ'கலோ என்ற புனைபெயரில் வரைந்த ஓவியர் முதலில் மியூனிக் நகரத்து மதுபான ஆலை ஒன்றுக்குப் படம் வரைந்து கொடுத்தார்; அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆந்த்ரே மிஷ்லேன் அந்தப் படத்தைப் பார்த்து, குடிகாரனுக்குப் பதில் டயர் மனிதனை வரையச் சொன்னார். ஒருவர் தள்ளிய சரக்கு இன்னொருவரிடம் பொன்னாயிற்று.

இனி எனக்குப் பிடித்த ஆளுக்கு வருகிறேன். மொரீஸ் எத்மோன் சையான், 1872இல் ஆஞ்சே நகரில் பிறந்தவர். புனைபெயர் வைக்க நினைத்தபோது, 'ஏன் கூடாது' என்பதற்கான லத்தீன் சொல்லான 'கூர் நோன்' என்பதோடு ஒரு 'ஸ்கி' சேர்த்துக்கொண்டார். ரஷ்யா மோகம் உச்சத்தில் இருந்த காலம். கூர்நோன்ஸ்கி பிழைப்புக்காக எழுதினார். வில்லி என்பவருக்காக எழுதிய கதைகள் வில்லி பெயரிலேயே வந்தன. மிஷ்லேனுக்காகத் திங்கட்கிழமைதோறும் பத்திரிகையில் எழுதிய பத்திகளுக்குக் கீழே பிபெந்தோம் என்று கையெழுத்து. டயர் பொம்மைக்குப் பேர், எழுதியவருக்குக் கூலி.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளில் நான் எழுதிய வரைவுகளுக்குக் கீழே வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அதனால் இந்த மனிதர்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். ஆனால் கெட்டிக்காரர், ஊர் ஊராகச் சுற்றிச் சாப்பிட்டுத் தேர்ந்த நாக்கை வீணாக்கவில்லை. 1921 முதல் மார்செல் ரூஃபுடன் சேர்ந்து பிரான்சின் வட்டாரச் சமையல் பற்றி 28 தொகுதிகள் சொந்தப் பெயரில் வெளியிட்டார். 1927இல் நடந்த வாக்கெடுப்பில் 'உணவு ரசிகர்களின் இளவரசர்' என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிவப்புப் புத்தகமும் மாறியது. ஒரு பட்டறையில் மேசைக் காலுக்கு முட்டுக்கொடுக்க அதை அடுக்கி வைத்திருந்ததை ஆந்த்ரே பார்த்தாராம், காசு கொடுத்து வாங்காததற்கு மதிப்பில்லை என்று முடிவு கட்டினாராம். எப்படியோ, 1920இல் விலை ஏழு பிராங்க் ஆயிற்று; பணம் கொடுத்துப் போடும் விளம்பரங்களும் நின்றன. என் கணக்கில் அதுதான் பெரிய காரியம். ஓட்டல்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு அவன் சாப்பாட்டைப் புகழ்ந்தால் எவன் நம்புவான்? 1926இல் நல்ல உணவுக்கு நட்சத்திரம் வந்தது. 1944இல் நார்மண்டியில் இறங்கிய நேசநாட்டுப் படைக்காக 1939ஆம் வருடப் பதிப்பை வாஷிங்டனில் மறுபடி அச்சடித்தார்கள், அதிலிருந்த ஊர் வரைபடங்களுக்காக!

நட்சத்திரம் கிடைத்த சமையல்காரர்களின் பெயர் உலகம் முழுக்கத் தெரிகிறது. சாப்பிட்டுப் பார்த்து அறிக்கை எழுதும் ஆய்வாளர்களின் பெயரைக் கம்பெனி இன்றுவரை வெளியிடுவதில்லை.