இடிக்க முன் ஒருமுறை சுவரைப் பாருங்கள்



தீவுப்பகுதியில் பழைய வீடுகளின் வெளிப்பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. "சுவர் உக்கிப்போச்சு, இடிச்சுக் கட்டுவம்" என்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் சுவரில் இல்லை.

நம் முன்னோர் முருகைக்கல்லால் சுவர் எழுப்பி, சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்த ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையும் முருகைக்கல்தான். இன்றும் கடலுக்குள் நிற்கிறது. முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்பு அதை வெளியே விடும்.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வந்தது. சீமெந்து கைக்கெட்டியதும் சுண்ணாம்பு பின்தங்கியது. ஆனால் சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். உப்பு அதன் பின்னால் படிந்து இறுகி, பூச்சையே தள்ளிவிடும்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எங்களில் பலர் புத்தளம் போனோம். யுத்தத்தில் தமிழ்ச் சகோதரர்களும் இடம்பெயர்ந்தார்கள். வீடுகளைப் பார்க்க ஆளில்லை. 2009க்குப் பிறகு திரும்பிய பலருக்கு மிஞ்சியது சுவர் மட்டுமே.

ஆகவே பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பால் பூசுங்கள். முருகைக்கல் தோண்ட இன்று தடை. இடித்தால் அதே சுவர் திரும்ப வராது. நாங்கள் இங்கே வாழ்ந்ததற்கு அந்தச் சுவர்களும் சாட்சி.