முத்துக்குளித்துறையும் முதல் தமிழ் அச்சும்

தமிழில் அச்சுக்கலை தோன்றிய வரலாற்றைக் கூறப் புகுவோர், பாதிரிமார் சிலரின் பெயர்களைக் கூறி அமைந்துவிடுவது பெருவழக்கு. அவர்தம் தொண்டு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் அச்சுப்பொறி ஓர் ஊரில் நின்று இயங்க வேண்டுமாயின் நூலாசிரியர் ஒருவர் மட்டும் போதார். எழுத்து வெட்டுவோர் வேண்டும்; ஈயம் உருக்கி வார்ப்போர் வேண்டும்; எழுத்துக் கோப்போரும் மை தடவுவோரும் தாள் இடுவோரும் வேண்டும். இவர்க்கெல்லாம் பொருள் நல்குவோரும், அச்சாகி வருவதைப் படிக்கவும் படிக்கக் கேட்கவும் காத்திருப்போரும் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் தமிழ் அச்சுக்கு அப்பொருளையும் ஆர்வத்தையும் அளித்தவர்கள், கடலில் மூழ்கி முத்தெடுத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த பரதவ மக்கள். கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த எளிய சமூகம் ஒன்று, தான் முன்பின் கண்டறியாத ஒரு பொறிக்குத் தோள்கொடுத்த வரலாறு அது.

வேம்பாற்றிலிருந்து குமரிமுனை வரை நீண்டு கிடக்கும் கடற்கரையைப் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறை என அழைத்தனர். முத்துக்குளிக்கும் உரிமை பற்றி எழுந்த பூசலில் தமக்குப் பாதுகாப்பு நாடிய பரதவர், 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவம் தழுவினர். சமயம் மாறினரே தவிர அச்சமயம் இன்னதென்று அவர்க்கு உரைப்பார் இல்லை. 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார்க்குத் தமிழ் தெரியாது; வந்தவுடன் இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரார் சிலரை அருகிருத்தி, மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனனம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். இம்முறையையே பின்னர் 1545-இல் மலாக்காவுக்கு வந்தபோதும் அவர் கையாண்டார். அங்கு அவை மலாய் மொழியில் ஆக்கப்பட்டன.

சவேரியார் ஓர் ஊரில் தங்குவது சில நாள்கள்தாம். அவர் அகன்றபின் சொல்லிக் கொடுப்பவர் யார்? இதற்கென ஊர்தோறும் கணக்கப்பிள்ளைமார் நியமிக்கப்பட்டனர். கோயிலைப் பேணுதல், சிறுவர்க்கு மன்றாட்டுக் கற்பித்தல், பிறப்பு இறப்புகளைக் கவனித்தல் ஆகியன அவர்தம் கடமைகள். அவர்க்களிக்கப்பட்ட சிறு உதவித்தொகை வந்த வழி சுவையானது. போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் காலணிச் செலவுக்கென இக்கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் சென்றுகொண்டிருந்தது. அதனைக் கணக்கப்பிள்ளைமார்க்கு விட்டுக்கொடுக்குமாறு வேண்டிய சவேரியார், விண்ணகம் ஏறுதற்கு இவ்வேழைச் சிறுவரின் மன்றாட்டுகளைவிட உறுதியான காலணி அரசிக்கு வாய்க்காது என்னும் கருத்துப்பட எழுதினாராம். கடலோடிகள் ஈட்டிய பணமே சுற்றிவந்து அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கு ஆயிற்று.

ஆனால் மனனமும் ஓலையும் மட்டும் போதவில்லை. ஓலையைப் பார்த்து ஓலை எழுதுகையில் ஓரூர்ப் பாடத்துக்கும் மற்றோர் ஊர்ப் பாடத்துக்கும் வேறுபாடு புகுதல் இயல்பு. எல்லா ஊருக்கும் ஒரே பாடம் வேண்டுமெனில் அச்சு ஒன்றே வழி.

அச்சு நோக்கி வைக்கப்பட்ட முதல் அடி தமிழ்நாட்டில் அன்று, லிசுபனில் வைக்கப்பட்டது. 1554-ஆம் ஆண்டு பெப்ருவரி 11-ஆம் நாள், தமிழும் போர்த்துக்கீசியமும் கலந்த மன்றாட்டு நூல் ஒன்று அங்கு வெளிவந்தது. தமிழ் எழுத்து அங்கு இல்லாமையால் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதி அச்சிடப்பட்டன. அப்பணியைச் செய்தவர்கள் மூவர்: விசேந்தே தெ நசரே, ஜோர்ஜே கர்வாலோ, தோமா த குருஸ். பெயர்கள் போர்த்துக்கீசியப் பெயர்களாயினும் மூவரும் தமிழர். திருமுழுக்கில் பெற்ற அப்பெயர்கள் எஞ்சின. அவர்தம் தாய்தந்தையர் இட்ட பெயர்களை எந்தப் பதிவும் காக்கவில்லை.

முத்துக்குளித்துறையில் சவேரியாரின் பணியைத் தொடர்ந்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் வழங்கப்பெறும் என்றீக்கே என்றீக்கஸ். போர்த்துக்கல்லின் வில்லா விசோசாவில் 1520-இல் பிறந்த அவர், 1546-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு இக்கடற்கரையை அடைந்தார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருத்தல் இழிவென்று கருதி, பகலிரவாய்த் தமிழ் பயின்று, போர்த்துக்கீசியர்க்கெனத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். அவ்விலக்கணம் கையெழுத்துப் படியாகவே நெடுங்காலம் கிடந்து, ஜீன் ஹைன், வை. சு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 2013-இல் ஹார்வர்டு வெளியீடாக வந்தது. புன்னைக்காயலில் அவர் தொடங்கிய மருத்துவமனையும் பரதவர் அளித்த நன்கொடையால் நடந்ததே. நோயாளரைப் பேணக் கைநீட்டிக் கொடுத்த அதே மக்களிடந்தான் அவர் அச்சுக்கும் பொருள் வேண்டினார், அவர்களும் கொடுத்தனர்.

எழுத்தறிந்தோர் சிலராகவும் அறியாதோர் பலராகவும் இருந்த ஒரு கூட்டம் அச்சுநூலுக்குப் பொருள் கொடுத்தது எதனால்? பத்திமை ஒரு காரணம். அண்டை அயலார் நடுவே தமக்கெனத் தனி அடையாளம் ஒன்றை நாட்டிக்கொள்ளும் வேட்கை மற்றொரு காரணமாதல் கூடும். இரண்டில் ஒன்றை மட்டும் கூறுவது அம்மக்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். நூல் கணக்கப்பிள்ளையின் கையில் இருக்கும். ஊரார் கூடியிருந்து கேட்பர். கேட்டவர் திருப்பிச் சொல்வர். எனவே எழுத்தறியாதவனுக்கும் அந்நூலில் பங்குண்டு.

இனி எழுத்து வார்த்த கதையைக் காண்போம். அச்சுப்பொறி 1556-ஆம் ஆண்டிலேயே கோவாவுக்கு வந்துவிட்டது. எத்தியோப்பியாவுக்கெனப் புறப்பட்ட பொறி அங்குச் செல்ல இயலாமையால் கோவாவில் தங்கிற்று என்பர். ஆனால் அதனோடு வந்தவை உரோமன் எழுத்துகளே. தமிழ் எழுத்தை வார்க்க இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1577-இல் கோவாவில் தமிழ் எழுத்துகளை உருவாக்கியவர் ஜோவான் கொன்சால்வஸ். அவர் குருவல்லர், கைவினைத் திறன் வாய்ந்த துறவறச் சகோதரர். எழுத்தின் வடிவை அவர்க்கு எடுத்துக்காட்டித் துணைநின்றவர் கொல்லத்தைச் சேர்ந்த பெரோ லூயிஸ் என்னும் இந்தியர். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா என்பார் இன்னும் திருத்தமான எழுத்துகளை வார்த்தார்.

இவ்வேலையின் அருமை இன்று எளிதிற் புலப்படாது. எஃகுக் கோலின் முனையில் எழுத்தை இடவலம் மாறாகச் செதுக்க வேண்டும். அதனைச் செப்புத் தகட்டில் அடித்துப் பள்ளமாக்க வேண்டும். அப்பள்ளத்தில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றி, ஒவ்வோர் எழுத்தையும் வேண்டுமளவு படியெடுக்க வேண்டும். உரோமன் எழுத்து இருபத்து சொச்சம். தமிழுக்கோ உயிர்மெய் வரிசை உண்டு. ஓலைச்சுவடி வழக்கு இங்கு ஒருவாறு கைகொடுத்தது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதனால் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை; எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. அச்சிலும் அதனையே பின்பற்றினர். ஆதலின் 'க'வுக்கு வார்த்த எழுத்தே 'க்'குக்கும் பயன்பட்டது. வார்ப்போர்க்கு உழைப்புக் குறைந்தது. படிப்போர்க்கு உழைப்பு மிகுந்தது. ஆனால் சுவடி படித்துப் பழகிய கண்ணுக்கு அது புதிய இடரன்று.

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சிடப்பட்டு இன்று நம் கைக்கு எட்டுகின்ற முதல் நூல் அதுவே. அதன் இறுதிப் பக்கத்தில் கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்தும் தனித்தனியே அடுக்கிக் காட்டப்பட்டுள்ளன. மன்றாட்டு நூலின் முடிவில் வார்ப்பட எழுத்துகளைக் காட்சிக்கு வைத்தது ஏன்? தொழிலாளன் தன் வேலையைப் பற்றிக் கொண்ட பெருமிதம் என்றல்லால் அதற்கு வேறு விளக்கம் பொருந்துவதாயில்லை. கடவுளைக் குறிக்கத் தம்பிரான் என்னும் சைவ உலகின் சொல் ஆளப்பட்டிருப்பதும் கருதத்தக்கது.

அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1580-இல் பாவசங்கீர்த்தன நூல் ஒன்று வந்தது. 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' ஏறத்தாழ 670 பக்கங்கள் கொண்ட பெருநூல். பதினாறு பக்கத்திலிருந்து எட்டாண்டில் அறுநூற்றுக்கு மேல் வளர்ந்தமை, அச்சுக்கூடத்தில் பழகிய கைகள் பெருகியமைக்குச் சான்று. இந்நூல்களின் நடை கடற்கரை மக்களின் பேச்சை ஒட்டியது. கொச்சை என்று புலவருலகம் அதனை ஒதுக்கிற்று. மொழி வரலாறு ஆய்வோர்க்கோ நானூறாண்டுக்கு முன்னைப் பேச்சுத்தமிழ் அச்சில் கிடைப்பது பெறற்கரும் பேறு.

1600-இல் அண்டிரிக் அடிகளார் மறைந்தார். அதன்பின் அவ்வச்சுப்பணி தொடரவில்லை. ஆர்வலர் தோளில் நிற்கும் பணிக்கு உள்ள குறை இது: நடத்துவோன் ஒருவன் சாய்ந்தால் அவனிடம் பயின்றவர் சிதறுவர், ஈயம் வேறெதற்கோ உருகும். 1677-லும் 1679-லும் கேரளத்து அம்பலக்காட்டில் மீண்டும் தமிழ் அச்சிட்டபோது எழுத்துகளைப் புதிதாகவே செய்ய வேண்டியிருந்தது. ஈய எழுத்துக்கு மாறாக மரத்தில் எழுத்துச் செதுக்கித் தந்தவர் இஞ்ஞாசி ஆச்சாமணி என்னும் உள்நாட்டுக் கிறித்தவர். அந்த மர எழுத்தில் 1679-இல் வெளிவந்ததே அந்தம் தெ புரொவென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி.

தரங்கம்பாடியிலும் ஏறக்குறைய இதே கதை. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயர்க்கென இலண்டன் சங்கம் ஒன்று அனுப்பிய பொறி, வழியில் 1711-இல் இரியோ தெ செனீரோவில் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு மீட்கப்பட்டது. பொறி வந்து சேர்ந்தது. அதனை இயக்க உடன் புறப்பட்ட அச்சாளர் பிங்கு வழியிலேயே உயிர் நீத்தார். பொறி இருந்தும் இயக்குவாரின்றித் திகைத்த நிலையில், அச்சுத்தொழில் அறிந்த படைவீரர் ஒருவர் கோட்டைக் காவற்படையிலேயே அகப்பட்டார். துப்பாக்கி பிடித்த கை எழுத்துக் கோத்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியவை. கிடைத்தற்கரிய தாளை விழுங்கின. உடன் வந்த அட்லர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார். சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கியே அவற்றை வார்த்தனர் என்று கூறுவதுண்டு. 1715-இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. பொறையாற்றில் தாள் ஆலையும் நிறுவிப் பார்த்தனர், அது நிலைக்கவில்லை.

முத்துக்குளித்துறை அச்சு நூல்களோ கண்ணில் படாமலே போயின. எஞ்சிய படிகள் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களில் முடங்கின. 'அடியார் வரலாறு' நூலை வத்திக்கான் நூலகத்திலும், 1554-ஆம் ஆண்டு நூலை லிசுபனிலும் கண்டு, 1950-களில் தமிழுலகுக்கு அறிவித்தவர் சேவியர் தனிநாயக அடிகள். 'அடியார் வரலாறு' இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பாக 1967-இல் தூத்துக்குடியில் மறுபிறப்பெடுத்தது. மலேசியத் தமிழர்க்குத் தனிநாயக அடிகள் அயலார் அல்லர். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கியவர். முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூட்டியவர். அதே ஆண்டில், அம்பலக்காட்டு அகராதியையும் அவர் கோலாலம்பூரிலேயே பதிப்பித்தார். ஆச்சாமணி மரத்தில் செதுக்கிய எழுத்துகள் 287 ஆண்டுகளுக்குப்பின் கடல் கடந்து வந்து இந்நாட்டில் மறுபடியும் அச்சேறின.