போடி மலையில் இரண்டு வழிகள்

போடிநாயக்கனூரில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை ஒரு மதில் மாதிரி நிற்கும். அந்த மதிலைத் தாண்ட ஊர்க்காரர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. மேற்கே போடிமெட்டு வழியாகப் போவது ஒன்று. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை இன்று அந்த வழியாகத்தான் போகிறது. வடமேற்கே குரங்கணி போய், அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவது இன்னொன்று. அதில் வண்டி ஏறாது, நடந்துதான் போக வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரும் முதல் வழியில் பைக்கிலும், 2014-இல் இரண்டாவது வழியில் நடந்தும் போய் வந்தோம். மேகம், அருவி, பச்சைப் பசேல் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வழிகளில் யார், எதற்காக ஏறி இறங்கினார்கள் என்பதைத்தான் நான் எழுத நினைத்தேன்.

மலையைக் கடக்கும் உச்சி இடத்துக்கு எங்கள் தேனிப் பக்கம் 'மெட்டு' என்று பெயர். போடிமெட்டு, கம்பம்மெட்டு எல்லாம் அப்படி வந்தவைதான். போடிமெட்டு சுமார் 4,500 அடி உயரம். அடிவாரத்திலிருந்து 3,000 அடிக்கு மேல் ஏற்றம், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் வயதுக்கு இரண்டாவது கியரில் பொறுமையாக ஏறினால் போதும். அவசரமாகப் போகிறவர்கள் ஜீப்காரர்கள்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள், இந்தப் பக்கம் வேலைக்குப் போகும் ஜனங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போய், பொழுது சாய இறங்கி வருவார்கள். விளைவது கேரளத்து மண்ணில், ஏலம் போவது போடியில் என்பது இந்த மெட்டு போட்டுக் கொடுத்த கணக்கு.

இந்தப் போக்குவரத்து வெள்ளைக்காரன் வந்த பிறகு தொடங்கியதல்ல. மலையில் வாழும் முதுவர் பழங்குடியினர், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். குழந்தைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் அந்தப் பெயர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. வரலாறா, கதையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மலையேறிய வழியைத் தங்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு அது பெரிதாகப் பட்டது.

1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காபி, சின்கோனா என்று பலவற்றை நட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தோட்டம் வந்தால் ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். குடும்பம் குடும்பமாக, தலையில் பானையும் இடுப்பில் பிள்ளையுமாகப் போடி மலை ஏறினார்கள். நாம் போட்டோ எடுக்க நிற்கும் வளைவில் அவர்கள் மூச்சு வாங்க நின்றிருப்பார்கள்.

ஆள் மேலே போனது போல, தேயிலை கீழே வர வேண்டுமே? அன்று மூணாறிலிருந்து மேற்கே கொச்சிப் பக்கம் இறங்க நல்ல சாலை கிடையாது. ஆகவே கிழக்கே திரும்பினார்கள். 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒரு தண்டவாளத்தில் உருளும் சிறு சக்கரங்கள் மேல் இருக்கும். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் ஓடும். இழுப்பதற்கு மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டு, நீராவி எஞ்சினையே மலை மேல் ஓட்டினார்கள். அந்த ரயில் முடிந்த இடம்தான் டாப் ஸ்டேஷன். இன்று போகிறவர்கள் 'வியூ பாயிண்ட்' என்று நினைக்கும் அந்தப் பெயர், உண்மையிலேயே ஒரு ஸ்டேஷனின் பெயர்.

அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிப் பள்ளத்தாக்கில் இறங்கும். இறங்கும் இடம் 'பாட்டம் ஸ்டேஷன்'. பிறகு மாட்டு வண்டியில் போடி. ரோப்வே ஒட்டிய பாதையில் ஆட்கள் நடந்தார்கள். நடுவழியில் உள்ள குடியிருப்புக்கு இன்றும் 'சென்ட்ரல்' என்றுதான் பெயர். டாப், சென்ட்ரல், பாட்டம் என்று கம்பெனி வைத்த பெயர்கள் ஊர்ப்பெயர்களாகவே தங்கிவிட்டன.

1924 ஜூலையில் பெய்த மழையை மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. மூணாறு என்றால் மூன்று ஆறுகள் கூடும் இடம் அல்லவா, மூன்றும் சேர்ந்து பொங்கின. மண்சரிவில் தண்டவாளமும் பாலங்களும் போயின. ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். மலை மேல் ரயில் ஓடியபோது அடிவாரத்தில் ரயில் இல்லை, அடிவாரத்துக்கு ரயில் வந்தபோது மலையில் இல்லை. பிறகு 1935-இல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்ததும், தேயிலைக்கு மேற்கே கொச்சிப் பக்கம் போக வழி பிறந்தது. கிழக்கு வழியின் மவுசு குறைந்தது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்தது. தோட்டத்துத் தமிழர்கள் நிறைந்த தாலுகாக்கள் அவை. பசல் அலி குழு கேரளத்தோடு இருக்கட்டும் என்றது, அப்படியே ஆனது. எல்லைக்கோடு மலைமுகட்டில் விழுந்தது. பாட்டன் வேலை தேடி ஏறிய மெட்டில் பேரன் செக்போஸ்டில் நிற்கிறான்.

குரங்கணி வழி மட்டும் பழையபடியே இருந்தது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல், முதுவாக்குடி ஜனங்களுக்கு அதுதான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. சாமான்களுக்குக் குதிரை, நோயாளிக்கு டோலி. நாங்கள் போனபோது குரங்கணி டீக்கடையில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள சென்ட்ரலைத் தாண்டிரணும். மாசி பங்குனியில புல்லுக்காட்டுக்குள்ள குறுக்க விழுந்து போகக் கூடாது. பாதையை விடக் கூடாது" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "தீப் பிடிச்சா அது மேல பார்த்துத்தான் ஓடும். நம்மால அதுகூட ஓட முடியுமா?" என்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுவினர் முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு, அன்று குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பங்குனி நெருங்கும் காலம், ஆள் உயரக் காய்ந்த புல். காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடுவதற்குக் காரணம் எளிது. கீழே எரியும் அனல் மேலெழுந்து, மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் சின்ன வயதுக்காரர்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வருமுன் மேலே ஓடிப்போய், கிடைத்த போர்வையில் தூக்கி வந்தவர்கள் ஊர் ஜனங்களும் மலைவாசிகளும்தான். டோலி கட்டிப் பழகிய தோள்கள் அவை.

டிவியில் அதைப் பார்த்தபோது பெரியவர் சொன்னதுதான் காதில் ஒலித்தது. அவர் சொன்னதில் இரகசியம் ஏதும் இல்லை, குரங்கணியில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பிழைப்புக்காகத் தினமும் நடந்தவர்களுக்கு எந்த மாதத்தில், எந்நேரத்தில், எங்கே நடக்கலாம் என்பது தெரியும். வாரக் கடைசியில் வருகிறவருக்கு வழி மட்டும்தான் கண்ணில் படும். வழியோடு சேர்ந்த அறிவு அங்கே உள்ளவர்களிடம் இருக்கிறது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது, தீக்காலத்தில் வழி மூடப்படும். நல்லதுதான். ஆனால் மேலே குடியிருப்பவர்களுக்கு மாசி பங்குனியும் உண்டு, அடைமழையும் உண்டு. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்று அவர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். இப்போது வண்டியில் போவதென்றால் போடிக்கு இறங்கி, போடிமெட்டு, மூணாறு என்று 100 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். சாலை வந்தால் காடு என்னாகும் என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

போடிக்கு 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. அதில் வந்து இறங்குகிறவர்கள் மெட்டில் பைக் ஓட்டுங்கள், அனுமதி வாங்கி மலையும் ஏறுங்கள். ஏறுமுன் குரங்கணியில் ஒரு டீ குடித்துவிட்டு, கடையில் உட்கார்ந்திருக்கும் வயதானவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.