வெட்டாமல் விட்டால் காடாகுமா?

கர்நாடக எல்லைக்கு அருகிலுள்ள உத்தனப்பள்ளியிலிருந்து சானமாவுக் காட்டுப் பக்கம் போனால், கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் தக்காளித் தோட்டங்களுக்கும் நடுவே தைலமரத் தோப்புகள். கொடைக்கானல் மலையில் சீகையும் (வாட்டில்) பைனும். எல்லாமே வெட்டி விற்க நட்டவை. வெட்டாமல் விட்டால் கார்பனைத் தேக்கும் நிரந்தரக் காடாகிவிடும், அதற்குப் பணம் தரலாம் என்பது கார்பன் சந்தையின் கணக்கு. அந்தக் கணக்கு மலையில் ஓரளவு பலிக்கும். உத்தனப்பள்ளியில் பலிப்பது கடினம்.

தோல் பதனிடப் பட்டை தேவைப்பட்டதால் மலைக்கு வந்தது சீகை. கொடைக்கானலைச் சூழ்ந்த பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் போய்விட்டதாக 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே மலையில், முதிர்ந்த தோட்டங்களின் நிழலில் சோலைக்காட்டு மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அருகில் சோலை இருக்கிறது, விதை சுமக்கப் பறவை இருக்கிறது, மூடுபனி ஈரம் தருகிறது. 2013-இல் சரணாலயமும் ஆயிற்று. அங்கே சும்மா விடுவதே பாதி வேலை. ஆனால் மிச்சமுள்ள புல்வெளிக்குள் சீகை பரவுவதையும் கார்பன் லாபமாக எழுதக்கூடாது. புல்வெளி தன் கார்பனை மண்ணுக்குள் வைத்திருக்கிறது.

உத்தனப்பள்ளித் தோப்பு பட்டா நிலம். நாலைந்து ஆண்டுக்கு ஒரு வெட்டு, பிறகு அடிக்கட்டையில் மறுதாம்பு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். தைலமரம் அதை மளமளவென்று சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் காகிதமாகிக் குப்பைக்குப் போனதும் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடும். நிலத்தடி நீரை நினைத்து, எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2017-இல் தைலமரம் புதிதாக நடுவதற்கே தடை போட்டது. இங்கே வெட்டை நிறுத்தினாலும் காய்ந்த செம்மண், ஆடுமாடு மேய்ச்சல், கோடைத் தீ ஆகியவற்றைத் தாண்டிக் கன்று எழ வேண்டும். ஆச்சா, வெக்காளி, உசில் போன்ற காட்டு மரங்களை நட்டு, தண்ணீர் ஊற்றி, காவல் இருந்தால்தான் நிற்கும். ஆச்சா மெதுவாக வளரும். கட்டை கனமானது என்பதால் அதே பருமனில் கூடுதல் கார்பனை வைத்திருக்கும்.

மரங்கள் நின்றுவிட்டால் அடுத்த சிக்கல், யானை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவுக்கு வரும் கூட்டத்துக்குப் பகலில் மறைய இன்னொரு இடம் கிடைக்கும். இரவில் பக்கத்துக் கொல்லைக்காரருக்குத் தூக்கம் போகும். கார்பன் பணம் தோப்புக்காரருக்கு, சேதம் இவருக்கு. இதற்கு எந்தக் கார்பன் ஒப்பந்தத்திலாவது பத்தி எழுதுவார்களா?

காலமும் இடிக்கிறது. நியூசிலாந்தில் 2023 முதல் நிரந்தரக் காடாகப் பதிந்த இடத்தை 50 ஆண்டுகளுக்கு மொட்டையாக வெட்ட முடியாது. இங்கேயோ, சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கக்கூடாதென்று விவசாயிகள் போராடிய ஊர் உத்தனப்பள்ளி. அடுத்த ஆண்டு நிலம் யார் கையில் என்றே தெரியாதவரிடம் அதுபோல 50 ஆண்டுக்குக் கையெழுத்து கேட்பது நியாயமில்லை. ஆனால் 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் அரசு வனநிலத்திலேயே காகித ஆலைகளுக்காகத் தைலமரம் வளர்க்கிறது. அங்கே பட்டாவும் இல்லை, நிலத்தரகரும் இல்லை. கோடரியை முதலில் நிறுத்த வேண்டியது அரசுதான்.