களைப்பு என்னும் காவல்காரன்

வீட்டில் ஃப்யூஸ் போய்விடுகிறது. புதுக் கம்பி கட்டுகிறோம், மறுபடியும் போகிறது. பொறுமை இழந்த ஒருவர் தடித்த செம்புக் கம்பியை எடுத்துக் கட்டிவிடுகிறார். இனி ஃப்யூஸ் போகாது. விளக்கும் நன்றாக எரியும். ஆனால் சுவருக்குள் ஓடும் மின்கம்பி சூடேறிக்கொண்டே இருக்கும். ஃப்யூஸ் போவது ஒரு குறை அன்று, ஓர் எச்சரிக்கை என்பதை அவர் மறந்துவிட்டார்.

வாசகர்களே, நம் உடம்பிலும் இப்படி ஒரு ஃப்யூஸ் கம்பி உண்டு. அதன் பெயர் களைப்பு. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 1967ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் பிரான்சு நாட்டு மலை ஒன்றில் உலகம் கண்டது.

அங்கே 1903இல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' என்னும் சைக்கிள் பந்தயம், ஏறத்தாழ மூன்று வாரம் நாட்டைச் சுற்றி நடப்பது. அன்றைய பாதை மார்செய் நகரிலிருந்து கார்பன்ட்ரா வரை, 211 கிலோமீட்டர். இடையில் 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த வான்ட்டூ மலையைக் கடக்க வேண்டும். அதன் மேற்பகுதியில் மரம் இல்லை, நிழல் இல்லை. வெறும் வெண்சுண்ணாம்புக் கல். வெயிலோ 40 டிகிரி செல்சியசுக்கு மேல்.

பந்தயத்தில் இருந்தவர்களுள் ஒருவர் டாம் சிம்ப்சன். இங்கிலாந்துக்காரர், வயது 29, 1965இன் உலகச் சாம்பியன். சில நாட்களாகவே அவருக்கு வயிற்றுக் கோளாறு. மலையுச்சி நெருங்கியபோது அவருடைய சைக்கிள் பாதையில் அங்குமிங்கும் தள்ளாடியது, விழுந்தார். தூக்கி உட்கார வைத்தார்கள். சில நூறு மீட்டர் சென்றதும் மீண்டும் சாய்ந்தார். ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் உயிர் பிழைக்கவில்லை. அவருடைய சட்டைப் பையில் ஆம்ஃபெட்டமின் மாத்திரைக் குழாய்கள் இருந்தன. பிரேத பரிசோதனையில் உடலில் அம்மருந்தும் மதுவும் காணப்பட்டன.

என்ன நடந்தது என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனிதத் தசை ஓர் எஞ்சினைப் போன்றது. அதற்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே வேலையாக மாறுகிறது; மீதி முக்கால் பங்கும் வெப்பம். மலையேறும் வீரர் 300 வாட் திறனில் மிதிக்கிறார் என்று கொள்வோம். அவர் உடலில் வினாடிக்கு 900 ஜூல் வெப்பம் பிறக்கும். ஒரு மணி நேரத்தில் அது 32 இலட்சம் ஜூலைத் தாண்டிவிடும். காற்றின் வெப்பநிலை தோலைவிடக் கூடுதலாக இருக்கும்போது, வெப்பம் வெளியேற ஒரே பெரிய வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வியர்வை ஏறத்தாழ 24 இலட்சம் ஜூலைக் கொண்டுசெல்லும். ஆகவே மணிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். சமவெளியில் வேகமாகச் செல்லும்போது வீசும் காற்று இதற்கு உதவும். மலையேற்றத்திலோ வேகம் குறைவு, காற்றும் குறைவு.

அக்காலப் பந்தய விதிப்படி வீரர் ஒருவருக்கு நான்கு குப்பி, அதாவது சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர்தான்! உடல் வறண்டால் என்ன ஆபத்து என்பது அன்று சரியாக உணரப்படவில்லை.

இந்த நிலையில் உடல் தானாகவே "நிறுத்து" என்று சொல்லும். ஆம்ஃபெட்டமின் அந்தக் குரலை அடக்கிவிடுகிறது. இது 1887இல் முதன்முதலில் தயாரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் தூங்காமல் இருக்க இதைக் கொடுத்தார்கள். தசைக்கு இது எரிபொருள் அன்று. மூளை களைப்பை உணராமல் செய்கிறது. தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெப்பம் வெளியேறுவதையும் குறைக்கிறது. தடித்த செம்புக் கம்பியின் வேலை இதுதான்.

"அவர் உடம்பு, அவர் விருப்பம், மற்றவர்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். வீரர்களும் அப்படித்தான் கேட்டார்கள். பிரான்சு 1965இல் ஊக்க மருந்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 1966 பந்தயத்தில் சோதனை நடந்த மறுநாள், வீரர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்தே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஐந்து முறை வென்ற ஜாக் ஆன்கட்டிலும், இத்தகைய சோதனை தனிமனித உரிமையில் தலையிடுவது என்று வாதாடினார்.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பொழுதுபோக்குக்காக மிதித்தவர்கள் அல்லர், மிதித்தால்தான் சோறு. ஆனால் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருவர் மாத்திரை விழுங்கி முந்தினால், அடுத்தவருக்கு என்ன வழி? தானும் விழுங்க வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும். முதலாமவரின் விருப்பம் இரண்டாமவருக்குக் கட்டாயமாகிறது. கடைசியில் எல்லாரும் விழுங்கியபின் யாருக்கும் இலாபமில்லை. ஆபத்து மட்டும் எல்லாருக்கும் பொது.

பின்னர் வந்த வரலாறும் இதையே காட்டியது. 1968 முதல் ஒலிம்பிக்கில் ஊக்க மருந்துச் சோதனை நடைமுறைக்கு வந்தது. 1990களில் சிவப்பணுக்களைப் பெருக்கும் 'ஈ.பி.ஓ.' மருந்து சைக்கிள் பந்தயத்தில் பரவியது. இரத்தம் அதிக ஆக்சிஜனைச் சுமக்கும். ஆனால் குழம்பாகத் தடித்து, உறையும் ஆபத்தும் கூடும். அன்று அதை நேராகக் கண்டறியச் சோதனை இல்லை. ஆகவே 1997இல், ஆண் வீரரின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 50ஐத் தாண்டினால் பந்தயத்திலிருந்து விலக்கினார்கள். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங், 2012இல் அத்தனை பட்டங்களையும் இழந்தார்.

ஆகவே சோதனை தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது. கொதிக்கும் மலையில் மனிதனை ஏறச் சொல்லி, தண்ணீரையும் அளந்து கொடுத்துவிட்டு, மாத்திரை விழுங்கியவனை மட்டும் குற்றவாளி என்றால் அது பாதி நீதிதான். ஃப்யூஸ் அடிக்கடி போனால், கம்பியை மாற்றியவரைக் கண்டிக்கும்போதே, தாங்கமுடியாத சுமையை ஏற்றியவர் யார் என்றும் கேட்க வேண்டாமா?

சிம்ப்சன் விழுந்த இடத்தில், மலையுச்சிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே, இன்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அவ்வழியே மிதித்து வருவோர் அங்கே இறங்கி, தங்கள் தண்ணீர்க் குப்பியை அதன் அடியில் வைத்துச் செல்வது வழக்கம்.