மக்ரூன்: ஒரு தின்பண்டத்தின் கடல்வழி

அரசுகள் மாறியதைக் கல்வெட்டுகள் கூறும். அடுக்களைகள் மாறியதைக் கூறும் கல்வெட்டு இல்லை. அதனை உணவின் பெயரிலும் செய்முறையிலுமே தேட வேண்டியுள்ளது. அவ்வாறு ஆராயத்தக்க பண்டங்களுள் ஒன்று தூத்துக்குடி மக்ரூன். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு ஆகிய மூன்றே பொருள்களால் கூம்பு வடிவில் அமையும் இதனைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தனர் என்பது பலரும் கூறும் செய்தி. அது எவ்வளவு பொருந்தும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பொருளின் வரவு

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றினர். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவர் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. போர்த்துக்கீசியர் தொடர்பால் அலமாரி, சாவி, சன்னல், மேசை முதலிய சொற்கள் தமிழில் கலந்தன. பிரேசில் நாட்டு முந்திரியும் அவர்கள் வழியாகவே இந்தியா வந்தது. மலையாளத்தில் அம்மரம் ‘பறங்கிமாவு’ எனப்படுதல் இதற்குச் சான்றாகும். ஐரோப்பியர் பாதாம் பருப்பைக் கொண்டு செய்த பண்டத்தில், இங்கு மணற்பாங்கான நிலத்தில் விளையும் முந்திரி இடம்பெற்றது இயல்பே.

பெயரின் வரவு

பெயரோ வேறு கதை கூறுகின்றது. இத்தாலியச் சொல்லொன்று பிரெஞ்சில் ‘மக்கரோன்’ என்றாகி, ஆங்கிலத்தில் ‘மக்கரூன்’ எனத் திரிந்தது. தமிழில் வழங்கும் ‘மக்ரூன்’ என்பதன் ஈறு ஆங்கில ஒலிப்பையே ஒத்துள்ளது. பண்டம் முன்னரே வந்து, பெயர் பின்னர் மாறியிருக்கலாம் எனச் சிலர் வாதிடலாம். அங்ஙனமாயின் பழைய பெயரின் சுவடேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். இன்றைய வழக்கில் அத்தகைய பெயர் கேட்கப்படுவதில்லை. ஆகவே, முந்திரி போர்த்துக்கீசியர் கொடை எனினும், மக்ரூன் என்னும் பெயர் ஆங்கிலேயர் காலத்தது எனக் கொள்வதே பொருந்தும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை புகைவண்டியிலும் அங்கிருந்து கப்பலிலும் சென்றனர். அடுமனைத் தொழிலின் நுட்பங்கள் கைமாற இவ்வழி துணைநின்றிருத்தல் கூடும்.

தேங்காயும் வீட்டு அடுப்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் உலர்தேங்காய்த் துருவல் தொழில் வளர்ந்து, மேலைநாடுகளுக்கு ஏற்றுமதி பெருகியது. பாதாமின் இடத்தைத் தேங்காய் பெற்ற மக்ரூன் அந்நாடுகளில் பரவ இதுவும் துணைசெய்தது. முத்துநகர் விரைவுவண்டி நாள்தோறும் கடந்து செல்லும் காட்டாங்குளத்தூரில், வீட்டு மின்னடுப்பில் தேங்காய் மக்ரூன் செய்ய முயல்வோர்க்கு ஒரு நுட்பம் இன்றியமையாதது. பச்சைத் தேங்காயின் ஈரமும் எண்ணெய்ப் பசையும் வெண்கருவின் நுரையை அடக்கிவிடும். எனவே துருவலை இளஞ்சூட்டில் நிறம் மாறாமல் உலர்த்தி ஆறவிடல் வேண்டும். மஞ்சட்கரு ஒரு துளியும் கலவாத வெண்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை கூராக நிற்கும் பதத்தில் துருவலை மெல்லக் கலத்தல் முறை. பின்னர்க் குறைந்த சூட்டில் நெடுநேரம் வைக்க, அது வேகுவதினும் உலர்வதே மிகுதி. ஈரக்காற்றுப் பட்டால் மொறுமொறுப்புக் கெடும். ஆதலின் ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தல் வேண்டும்.

இந்நுட்பங்களை நூல் வழியன்றிக் கைப்பழக்கத்தால் காத்தவர் அடுமனைத் தொழிலாளர். பண்டத்திற்கு ஊரின் பெயர் கிடைத்தது. அவர்தம் பெயரோ வரலாற்றில் ஏறவில்லை. ‘போர்த்துக்கீசியர் தந்தது’ என்னும் ஒற்றை வரி, அவர்தம் உழைப்பையும் அறிவையும் மறைத்துவிடுகின்றது. முதிய தொழிலாளர்தம் வாய்மொழியை அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்தல் தமிழாய்வின் கடமையாகும். அப்பதிவு, மேற்கூறிய முடிவை மாற்றுமாயினும் வரவேற்கத்தக்கதே.