பட்டியலும் பொறுப்பும்: ஒரகடம் தொழில் வட்டாரத்தில் மூத்த அயல்நாட்டுப் பணியாளரின் முழு உடல் பரிசோதனை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வளாகங்களில் ஐம்பத்தைந்து வயது கடந்த கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களைக் காண்பது இன்று சாதாரணம். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வெளிவந்த காலத்தில் தொடங்கிய வரத்து அது. பிறகு சாம்சங், ஒரகடத்தில் 2010இல் உற்பத்தி தொடங்கிய ரெனோ–நிசான், வல்லம் வடகாலில் யமஹா, இவற்றுக்கு உதிரிபாகம் தரும் நடுத்தர நிறுவனங்கள் என்று பெருகியது. வருகிறவர்களின் வயது கூடியதில் அந்நாடுகளின் சட்டங்களுக்கும் பங்குண்டு. கொரியா ஓய்வு வயதின் கீழ்வரம்பை 2016, 2017 ஆண்டுகளில் படிப்படியாக 60 ஆக்கியது. ஜப்பானில் 65 வயது வரை வேலைக்கு வழிசெய்வது நிறுவனத்தின் கடமை. 2021 ஏப்ரல் முதல் 70 வரை வாய்ப்பளிக்க முயல வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. பிரஸ் ஷாப்பிலும் பெயிண்ட் ஷாப்பிலும் முப்பது ஆண்டு கைதேர்ந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதைவிட, புதிய லைன் போடும் ஒரகடத்துக்கு அனுப்புவது நிறுவனத்துக்கு ஆதாயம்.

அப்படி வந்தவருக்கு ஆண்டுக்கொரு முறை ‘மாஸ்டர் செக்கப்’ செய்துவைப்பது வழக்கமாகிவிட்டது. சென்னைப் பெருநகரின் மேற்குப் பகுதியில் பெரிய மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. தண்டலம், போரூர், மணப்பாக்கம் எல்லாம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கின்றன. கருவி, ஆய்வகம், நிபுணர் எதிலும் பற்றாக்குறை இல்லை. அப்படியிருந்தும் இந்தப் பரிசோதனை மூத்த அயல்நாட்டவருக்குப் போதிய பயன் தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பரிசோதனைப் பட்டியல் அவருடைய உடலின் வரலாற்றைக் கேட்டுத் தயாரானதல்ல. அதைவிடப் பெரிய குறை, அறிக்கை வந்த மறுநாளிலிருந்து அதற்குப் பொறுப்பேற்கும் மருத்துவர் ஒருவரும் இல்லை.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பின் மறுபடியும் சர்க்கரை, கொழுப்பு வகைகள், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள், தைராய்டு, இசிஜி, எக்கோ, டிரெட்மில், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ஆண்களுக்கு பிஎஸ்ஏ. கட்டணம் ஏற ஏற வைட்டமின் டி, பி12, புற்றுநோய்க் குறியீடுகள் என்று சேர்ந்துகொண்டே போகும். இதன் முதுகெலும்பு சர்க்கரையும் இதயமும். காரணம் வெளிப்படை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (ICMR–INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேலானோருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. ஆக, நம் மருத்துவமனைகளின் பட்டியல் தமிழ் உடலின் நோய்களை வைத்து வளர்ந்தது. நமக்கு அது பொருத்தம்தான். ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2016இல் தொடங்கிய குறைந்த கட்டண முழு உடல் பரிசோதனையும், 2025 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கிய ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்களும் இந்தத் தேவையை ஒட்டி அமைந்தவையே.

சியோலிலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரரை அதே பட்டியலில் உட்காரவைக்கும்போது என்ன நேர்கிறது? காலை ஏழு மணிக்குப் பசியோடு வந்து ரத்தம் கொடுக்கிறார். கையில் ஒரு சீட்டைக் கொடுத்து மருத்துவமனை கேன்டீனுக்கு அனுப்புகிறார்கள். இட்லி, பொங்கல், சாம்பார். பழக்கமில்லாத உணவு, ஒன்றரை இட்லியோடு எழுந்துவிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு ‘இயல்பு’ என்று அச்சாகிறது. அந்த எண் ஒன்றரை இட்லிக்குப் பின் அவர் சர்க்கரை எவ்வளவு என்பதைச் சொல்லும். குடியிருப்பில் தினமும் அவர் சாப்பிடும் சோற்றையும் நூடுல்ஸையும் பற்றி எதுவும் சொல்லாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இருக்கும்போது இந்த இரண்டாம் ஊசி தேவையே இல்லை.

அந்த எண்ணையும் பழைய அறிக்கையோடு ஒப்பிடும்போது விழிப்பு வேண்டும். ஜப்பான் 2012 ஏப்ரல் வரை தன் மருத்துவத்தில் ஹெச்பிஏ1சியைச் சொந்த அளவுமுறையில் குறித்துவந்தது. உலக வழக்கிலுள்ள முறையைவிட அது ஏறக்குறைய 0.4 குறைவாகக் காட்டும். பதினைந்து ஆண்டுப் பழைய தாள்களைக் கோப்பில் வைத்திருக்கும் ஜப்பானியர் அன்று 5.6, இன்று 6.0 என்று பார்த்துச் சர்க்கரை ஏறிவிட்டதாகக் கலங்குவார். உண்மையில் அது அசையவே இல்லை. எதிரே அமர்ந்திருக்கும் மருத்துவருக்கு இந்த விவரம் தெரிந்திருந்தால் அரை நிமிடத்தில் தீரும் கவலை அது.

பட்டியலில் இல்லாததுதான் கூடுதல் கவலை தருவது. கொரியாவிலும் ஜப்பானிலும் இரைப்பைப் புற்றுநோய் உலகிலேயே மிகுந்து காணப்படும் நோய்களில் ஒன்று. கொரியா 1999இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தில் 40 வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை இரைப்பைச் சோதனை உண்டு. அத்திட்டத்தின் தரவுகளை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் இரைப்பைப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டியது. பேரியம் எக்ஸ்ரேயால் அத்தகைய பலன் தெரியவில்லை. நோயாளிகளையும் மற்றவர்களையும் பின்னோக்கி ஒப்பிட்ட ஆய்வு அது என்பதால் சற்று நிதானம் வேண்டும். இருந்தாலும் முழு உடல் பரிசோதனை என்னும் பெயரில் நடப்பவற்றில் இவ்வளவு வலுவான சான்றுள்ளவை சொற்பமே. சென்னையில் எண்டோஸ்கோப்பி எல்லாப் பெரிய மருத்துவமனையிலும் அன்றாடம் நடக்கிறது. ஆனால் வழக்கமான தொகுப்புக்குள் அது வருவதில்லை. தமிழ் நோயாளிக்கு அறிகுறி இல்லாமல் அதைச் செய்யத் தேவையுமில்லை. விளைவு: ஒரகடத்தில் நான்காண்டு பணியாற்றும் கொரியருக்கு, ஊரில் இருந்திருந்தால் இருமுறை நடந்திருக்க வேண்டிய சோதனை ஒருமுறைகூட நடக்காமல் போகலாம். அவர் கையில் நான்கு ஆண்டின் எக்கோ அறிக்கைகள் இருக்கும்.

கல்லீரலிலும் இப்படித்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வருவதற்கு முன் பிறந்த கொரியர்களில் அக்கிருமியைத் தாங்கியிருப்பவர்கள் கணிசம். அப்படிப்பட்டவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏஎஃப்பி ரத்தச் சோதனையும் என்பது அந்நாட்டின் ஏற்பாடு. இங்கே ஆண்டுக்கொரு ஸ்கேனில் ‘கல்லீரலில் லேசான கொழுப்பு’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஜப்பானியரிடம் வேறொரு கேள்வி கேட்க வேண்டும். போருக்குப் பிந்தைய சுகாதார முன்னேற்றத்துக்குள் வளர்ந்த தலைமுறையில் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் ஏ எதிர்ப்பாற்றல் இல்லை. சிறுவயதில் வந்தால் காய்ச்சலோடு போய்விடும் அந்த மஞ்சள் காமாலை, ஐம்பதுக்கு மேல் கடுமையாகும். நம் தண்ணீரும் வெளிச்சாப்பாடும் அதற்கு வழி. எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனை, இல்லையென்றால் தடுப்பூசி. புற்றுநோய்க் குறியீடுகள் நான்கைவிட இது அவருக்கு மிகுதியும் பயன்படும்.

செவி இன்னொன்று. முப்பதாண்டு பிரஸ் ஷாப்பில் நின்றவருக்கு 4000 ஹெர்ட்ஸ் அலைவெண்ணை ஒட்டிக் கேட்கும் திறன் குழிவிழுந்திருப்பது தொழில்மருத்துவத்தின் பாலபாடம். அவருக்கு ஒலிச்சோதனையைச் சேர்க்காமல் டிரெட்மில்லில் ஓடவிடுகிறார்கள். அறிகுறியும் அபாயக் காரணியும் இல்லாதவருக்கு, டிரெட்மில் உட்பட, இதய வரைபடச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் பரிந்துரைத்திருக்கிறது.

கூடுதலாகச் சோதித்தால் என்ன கெடுதி என்று கேட்பவர்களுக்குக் கொரியாவே பதில் தருகிறது. அரசுத் திட்டத்தில் தைராய்டு இல்லை. மருத்துவமனைகள் சிறு தொகைக்குத் தைராய்டு ஸ்கேனைச் சேர்த்துக் கொடுத்தன. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுநோய் விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆயிற்று. அந்த ஓராண்டில் மட்டும் 40,000க்கு மேற்பட்டோர் நோயாளிகளானார்கள். அந்நோயால் இறப்பவர் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. பெரும்பாலோருக்கு அறுவை செய்து சுரப்பியை எடுத்தார்கள். வாழ்நாள் மாத்திரை, சிலருக்குக் குரல் நரம்புச் சேதம். 2014இல் மருத்துவர் சிலர் பொதுவெளியில் எழுந்து எதிர்த்த பின்னர்தான் அறுவைகள் சரிந்தன. அந்த நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு இங்கே ‘கழுத்து ஸ்கேனும் சேர்த்துக்கொள்ளலாமா சார்?’ என்று முன்பதிவு மேசையில் கேட்கப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பைச் சந்திக்க வேண்டும். பொது உடல் பரிசோதனையால் மரணம் குறைவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. பிறகு பட்டியலைத் திருத்துவதில் என்ன பயன்? காக்ரேன் குழுவின் 2019 தொகுப்பாய்வு 17 சோதனைகளை, 2,51,891 பேரை உள்ளடக்கியது. மொத்த மரணத்திலோ புற்றுநோய் மரணத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அது காணவில்லை. இதை நான் ஒதுக்கித்தள்ளவில்லை. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் நடந்த நாடுகளில் மனிதருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கமான மருத்துவர் இருக்கிறார். சளிக்கு வந்தவருக்கும் அவர் ரத்த அழுத்தம் பார்த்துவிடுகிறார். ஆகவே தனிப் பரிசோதனையால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். இப்படியொரு விளக்கத்தை ஆய்வாளர்களே முன்வைத்திருக்கிறார்கள். ஒரகடத்தில் இருக்கும் கொரியருக்கு அந்த மருத்துவர் இல்லை. அவசரமென்றால் பெரிய மருத்துவமனை, இல்லையென்றால் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற இரண்டுக்கும் நடுவே அவர் வாழ்கிறார். எனவே அந்த முடிவை அவர்மேல் அப்படியே ஏற்ற முடியாது. அதே ஆய்வு வேறொன்றையும் சொல்லாமல் சொல்கிறது: பயன் தருவது தொடர்ந்து கவனிக்கும் மருத்துவர்தான் என்றால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அவருக்கு ஈடாகாது.

சட்டமும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. ஜப்பானின் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் 1972இல் வந்தது. அதன் விதிகள் ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் பணியாளருக்குப் புறப்படுமுன் ஒரு சோதனை, திரும்பி வேலையில் சேரும்போது ஒரு சோதனை என்று வகுக்கின்றன. நடுவில் உள்ள ஆண்டுகள் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன. இந்தியாவில் 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு முறை கட்டணமில்லாப் பரிசோதனை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் பரிசோதனை நடத்துவது ஒரு கடமை, அதன் முடிவைப் பின்தொடர்வது வேறு கடமை. முதலாவதைச் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிட்டதாக நிர்வாகங்கள் எண்ணுவது எளிது.

அறிக்கை யாரிடம் போகிறது என்பதும் சிறிய கேள்வியல்ல. கட்டணம் கட்டுவது மனிதவளத் துறை. தொகுப்பு அறிக்கை அங்கேயே போகிற ஏற்பாடுகள் உண்டு. ஐம்பத்தெட்டு வயதில் ஒப்பந்த நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒருவர் தன் நெஞ்சு வலியை அந்த நாளில் மருத்துவரிடம் சொல்வாரா? சொல்ல மாட்டார். 2023ஆம் ஆண்டின் எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலைவாய்ப்பு நோக்கங்களுக்குச் சில தரவுகளை ஒப்புதல் இல்லாமல் கையாள இடம் வைத்திருக்கிறது. மறைக்கத் தூண்டும் சூழலில் எடுக்கப்படும் எந்தச் சோதனையும் பாதிச் சோதனைதான்.

செய்யக்கூடியது என்ன? புதிய நிறுவனமோ புதிய கட்டடமோ தேவையில்லை. பெரிய ஆலைகளில் மருத்துவ அறை இருக்கிறது. தொழில்மருத்துவச் சான்றிதழ் பெற்ற ஆலை மருத்துவர் இருக்கிறார். வந்திறங்கிய முதல் மாதத்தில் அவர் அந்தப் பணியாளரோடு, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். தகப்பனாருக்கு என்ன நோய், எந்த ஷாப்பில் எத்தனை ஆண்டு, கடைசி எண்டோஸ்கோப்பி எப்போது, ஹெபடைடிஸ் பி உண்டா, சிகரெட், இரவுக் குடி, தூக்கம். இந்தப் பேச்சிலிருந்து பரிசோதனைப் பட்டியல் பிறக்க வேண்டும். பெரும்பாலும் அது தொகுப்பைவிடக் குறுகியதாகவும் மலிவாகவும் இருக்கும். மருத்துவமனை அந்தச் சீட்டின்படி சோதித்து முடிவை மருத்துவருக்கும் பணியாளருக்கும் மட்டும் அனுப்பட்டும். மனிதவளத் துறைக்கு ‘பணிக்குத் தகுதி’ என்ற ஒரு வரி போதும். ஓராண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே தங்கிய அயல்நாட்டவர் ஆதார் பெறலாம். அதன்வழி ஆபா (ABHA) என்னும் உடல்நலக் கணக்கு எண்ணில் அறிக்கைகளைச் சேர்த்துவைக்கவும் வழியுண்டு. ஆனால் கொரியாவிலோ ஜப்பானிலோ அதைத் திறந்து பார்ப்பவர் இல்லை என்பதால், திரும்பும்போது அவர் கையில் அவர் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் இருந்தாக வேண்டும். ஆண்டுவாரியான ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், செவிச்சோதனை, போட்ட தடுப்பூசிகள், செய்யாமல் விட்டவை.

செலவைக் காரணம் காட்டுவார்கள். தேவையற்ற டிரெட்மில்லையும் குறியீட்டுச் சோதனைகளையும் விட்டால் மருத்துவரின் அந்த ஒரு மணி நேரத்துக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பணம் மிச்சமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. உண்மையான தடை வேறு. ஆலை மருத்துவர் இன்று நிர்வாகத்தின் ஊழியராக, விபத்துப் பதிவேட்டோடும் முதலுதவிப் பெட்டியோடும் கட்டுண்டிருக்கிறார். நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் அதிகாரத்தை அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அதே அறையில், அதே லைனில் நிற்கும் ஒடிசா ஒப்பந்தத் தொழிலாளியும் செய்யாற்றிலிருந்து ஷிப்டுக்கு வரும் நாற்பத்தைந்து வயது ஆபரேட்டரும் வந்து உட்கார இடம் இருக்கும். வேலைக்குச் சேரும்போது எடுத்த ரத்தச் சோதனையின் முடிவை அவர்களுக்கும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.